72 கிலோமீட்டரில் நடுங்கிய தண்டர்பேர்ட்

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருச்சியிலிருந்து விராலிமலை வரை வண்டியில் போய், அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். மலை ஏறவில்லை, அதற்காக முருகனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். 72 கி.மீ. வேகத்தைக் கடக்கும்போது வண்டி என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் போனேன். அது ஒன்றும் செய்யவில்லை. ஏழு மாதங்களாக அந்த வேகத்தைத் தொட்டபோதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பிடித்து உலுக்குவதுபோல் நடுங்கிய வண்டி, அன்று தன்பாட்டுக்குக் கடந்து போயிற்று. இந்த ஏழு மாதங்களில் என்னென்ன செய்தேன், எதையெல்லாம் தப்பாகச் செய்தேன், எவ்வளவு செலவாயிற்று என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 2013-ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் 350. 2018-இல் 38,000 கி.மீ. ஓடிய நிலையில் வாங்கினேன். இப்போது 81,000 ஆகியிருக்கிறது. 20 லிட்டர் டேங்க்கும் நிமிர்ந்து உட்காரும் இருக்கையும் நீண்ட பயணத்துக்குச் சுகமானவை என்பதால், தனுஷ்கோடி முதல் ஹம்பி வரை இதிலேயே போய் வந்திருக்கிறோம். 346 சி.சி., ஒற்றை சிலிண்டர், 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம். அதிர்வைச் சமன் செய்யும் பேலன்ஸர் ஷாஃப்ட் இந்த எஞ்சினில் கிடையாது. 2020-இல் மீட்டியார் 350 வந்தபோதுதான் இந்த நிறுவனத்தின் 350 வண்டிக்கு அது வந்தது. ஆகவே இந்த வண்டி கொஞ்சம் அதிரத்தான் செய்யும், அது வண்டியின் சுபாவம். நான் சொல்ல வருவது அதற்கு மேல் வந்து சேர்ந்த நடுக்கத்தைப் பற்றி.

ஜனவரிக் கடைசியில் நானும் மனைவியும் கொல்லிமலை போய் வந்தோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியதில் வண்டிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இறங்கி வந்த பிறகு பின்சக்கரம் பஞ்சர் ஆயிற்று. வழியில் இருந்த ஒரு கடையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டு மாட்டித் தந்தார்கள். இருட்டிய பிறகு முசிறியைத் தாண்டும்போது, எதிர்வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசி, பெரிய பள்ளமொன்றில் பின்சக்கரத்தை விட்டேன். முதுகெலும்பு வரை இடித்தது. வீடு வந்து சேர்ந்ததும் இரண்டையும் மறந்துவிட்டேன். ஊருக்குள் 50-ஐத் தாண்டி ஓட்ட வாய்ப்பில்லை என்பதால், மூன்று வாரம் கழித்து மதுரைச் சாலையில் ஏறியபோதுதான் நடுக்கம் தெரிந்தது. இடையில் அந்த மூன்று வாரம் இருந்ததால், பஞ்சரையும் பள்ளத்தையும் நடுக்கத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நடுக்கம் 65-இல் தொடங்கி, 72-இல் உச்சத்துக்குப் போய், 82-ஐத் தாண்டினால் அடங்கியது. இவையெல்லாம் ஜி.பி.எஸ். காட்டும் வேகங்கள், வண்டியின் மீட்டர் நான்கு கி.மீ. கூட்டியே காட்டும். ஹேண்டில் பார் கிடுகிடுத்தது, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது, ஃபுட்ரெஸ்ட்டில் வைத்த பாதம் மரத்துப்போகும் அளவுக்குக் கூசியது. மனைவி ஒரு முறை, "ஏங்க, முன்னாடி இல்ல, எனக்குக் கீழதான் உலுக்குது" என்றாள். பின்னிருக்கையில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும் என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். அன்றே அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவு பாதியாகச் சுருங்கியிருக்கும்.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், "பழைய வண்டி சார், இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று தொடங்கி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக் மாற்றித் தந்தார். ரூ. 650 ஆயிற்று. ஐடிலிங் சீரானதே தவிர நடுக்கம் நடுக்கமாகவே இருந்தது. ஹேண்டில் ஆடுகிறது என்று நான் அழுத்திச் சொன்னதால் அடுத்ததாகக் கோன் செட்டில், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கில், கை வைத்தோம். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்பியபோது நடுவில் லேசாகக் கவ்வியது உண்மைதான். புதிய கோன் செட்டும் கூலியும் சேர்த்து ரூ. 1,480. வண்டி வளைவுகளில் இதமாகத் திரும்பத் தொடங்கியது; 72-இல் முன்போலவே நடுங்கியது.

பிறகு முன்சக்கரத்தை நானே பேலன்ஸ் செய்தேன். கம்பிச் சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்கும் கடை எதுவும் எனக்கு அகப்படவில்லை. சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரண்டு மர ஸ்டூல்களுக்கு நடுவில் தாங்க வைத்து, தானாகச் சுற்றி நிற்க விட்டால் கனமான பக்கம் கீழே வரும். அதற்கு நேர் எதிரிலுள்ள கம்பியில் சால்டரிங் ஈயக் கம்பியைச் சுற்றிக்கொண்டே போய், எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அப்படியே நிற்கும்வரை கூட்ட வேண்டும். பேரிங் கிரீஸ் கட்டியாக இருந்தால் சக்கரம் பொய் சொல்லும். எனக்கு 25 கிராம் தேவைப்பட்டது. ஒரு மதியம் முழுவதும் அதில் போயிற்று, நடுக்கத்தில் மாற்றம் எதுவும் உணரவில்லை. ஆனால் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது பின்னால் பயன்பட்டது.

இந்த இடத்தில்தான் உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதை நிறுத்திவிட்டு அளந்து பார்க்கலாம் என்று தீர்மானித்தேன். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியைப் பயன்படுத்தி, நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது, எவ்வளவு வலுவாக அதிர்கிறது என்பதை வரைபடமாகக் காட்டும். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐஃபோன் கேமராக்களைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருந்ததால், என் கைபேசியை வண்டியில் கட்ட மனம் வரவில்லை. அலமாரியில் கிடந்த, திரை கீறல் விட்ட பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை எடுத்தேன். முதலில் அதை டேங்க் பைக்குள் வைத்துப் பார்த்தேன். பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அடுத்து பின்னிருக்கைக் கைப்பிடியில் இருபுறம் ஒட்டும் டேப்பை வைத்து, மேலே இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கியதும் கோடுகள் தெளிவாக வந்தன.

அளவெடுத்த இடம் மதுரைச் சாலையில் விராலிமலைக்கு முன்பு வரும் நேரான பகுதி. நேரம் காலை ஐந்தரை. 72 கி.மீ. என்பது நொடிக்குச் சரியாக 20 மீட்டர். வீட்டு முற்றத்தில் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, நான் மேலே உட்கார்ந்திருக்க, மகன் வண்டியைத் தள்ளி ஒரு முழுச் சுற்றை டேப்பால் அளந்தபோது முன்சக்கரம் 2.00 மீட்டர், பின்சக்கரம் 2.01 மீட்டர் வந்தது. அப்படியானால் அந்த வேகத்தில் சக்கரங்கள் நொடிக்குப் பத்துச் சுற்றுச் சுற்றுகின்றன. வரைபடத்தில் 10-க்கு நேராகக் கூர்மையான முகடு ஒன்று எழுந்து நின்றது. அதன் உயரம் 1.9 மீட்டர்/நொடி². 49-க்கு நேராகச் சின்னதாக இன்னொரு முகடு இருந்தது.

அந்த இரண்டாவது முகட்டைத்தான் நான் பிடித்துக்கொண்டேன், தப்பாக. அதே 72 கி.மீ. வேகத்தில் நான்காம் கியரில் ஓட்டினால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும். எஞ்சினால் வரும் அதிர்வென்றால் 49 மேலே போக வேண்டும். என் வரைபடத்தில் அது 38-க்கு இறங்கிற்று. எஞ்சின் இல்லை, அப்படியானால் வேறென்ன என்று யோசித்துப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பற்களை எண்ணினேன்: 38. நொடிக்கு 38 அதிர்வு, ஸ்ப்ராக்கெட்டில் 38 பல். இரண்டுக்கும் உடனே முடிச்சுப் போட்டுவிட்டேன். பல் ஒவ்வொன்றும் செயினைத் தொடுவதால் வரும் அதிர்வென்றால் நொடிக்குப் பத்துச் சுற்றுக்கு 380 என்றல்லவா வர வேண்டும் என்ற எளிய பெருக்கலைக்கூடச் செய்யாமல், கடைக்குப் போய்ச் செயின் ஸ்ப்ராக்கெட் செட் வாங்கி மாட்டினேன். ரூ. 2,940. பழைய செயின் 22,000 கி.மீ. ஓடியிருந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். 49-உம் 38-உம் வரைபடத்தில் அப்படியே இருந்தன.

விடை செயலியின் திரையிலேயே, நான் பார்க்காமல் விட்ட ஒரு வரியில் இருந்தது. அந்தப் பழைய கைபேசி நொடிக்கு 100 முறைதான் அளவெடுக்கிறது. நொடிக்கு 100 முறை பார்க்கும் கருவியால் 50 வரையிலான அதிர்வைத்தான் உள்ளபடி காட்ட முடியும். அதற்கு மேல் உள்ளது மடங்கி, 100-இலிருந்து கழித்த எண்ணாக வந்து நிற்கும். சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியுமே, அதே கதைதான். 49 என்று தெரிந்தது உண்மையில் 51. 38 என்று தெரிந்தது உண்மையில் 62. கேமரா போனால் போகட்டும் என்று என் சொந்தக் கைபேசியை ஒரே ஒரு முறை கட்டிப் பார்த்தேன். அது நொடிக்கு 400 முறை அளக்கிறது. ஐந்தாம் கியரில் 51, நான்காம் கியரில் 62. கியர் விகிதம் சுமார் 1.2, கணக்கு ஒட்டிப்போயிற்று. இரண்டாவது முகடு எஞ்சினுடையதுதான்.

இதற்குப் பிறகு கருவி எதுவும் இல்லாமல், முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்றைச் செய்தேன். பின்னால் வண்டி எதுவும் வராத நேரத்தில் 85 வரை போய், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் ஐடிலிங்கில் இருக்க, 60 வரை தானாக இறங்க விட்டேன். 72-இல் உலுக்கல் அதே இடத்தில், அதே வலுவோடு வந்தது. பாதத்தின் கூச்சம் மட்டும் மறைந்துவிட்டது. அடுத்து நான்காம் கியரில் 50-இலிருந்து மெல்ல ஏற்றினேன். பாதத்தின் கூச்சம் 60-இலேயே வந்து போய்விட்டது, உலுக்கல் 72-க்காகக் காத்திருந்தது. அதாவது, நான் ஏழு மாதமாக 'அதிர்வு' என்று ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருந்தவை இரண்டு வெவ்வேறு தொல்லைகள். ஒன்று சக்கரத்தோடு சுற்றுவது, மற்றது எஞ்சினோடு சுற்றுவது. டாப் கியரில் இரண்டும் 72-இல் தற்செயலாகச் சேர்ந்து உச்சத்தைத் தொட்டதால் ஒன்றுபோல் தெரிந்தன. ஒன்றுக்கான மருந்தைச் செய்துவிட்டு மற்றதை வைத்துப் பலனைப் பார்த்தால் எதுவும் சரியாகாததுபோலத்தான் இருக்கும்.

முதலில் சக்கரத்தை எடுத்துக்கொண்டேன். முன்சக்கரமா பின்சக்கரமா என்பதை எண்ணிக்கையால் பிரிக்க முடியவில்லை, 2.00-க்கும் 2.01-க்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடத்தில் காண வேண்டுமென்றால் அரை நிமிடமாவது துளியும் மாறாத வேகத்தில் ஓட்ட வேண்டும், அது நம் சாலையில் நடக்காது. எனவே பழைய கைபேசியையே ஒரு முறை ஹேண்டில் பாரிலும் ஒரு முறை பின்கைப்பிடியிலும் கட்டி உயரத்தை ஒப்பிட்டேன். 10 என்பது 50-க்கு வெகு கீழே இருப்பதால் இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஹேண்டிலில் 1.1, பின்னால் 1.9. மனைவியிடம் போய்ச் சொன்னேன். "அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கனமான கம்பித் துண்டு ஒன்றை, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஹோஸ் கிளிப் போட்டுக் கட்டி, அதன் நுனியை ரிம்மின் விளிம்புக்கு அருகில் வளைத்து வைத்தேன். வண்டியை நியூட்ரலில் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரிந்தது. எஞ்சினை ஓட விட்டுக் கியரில் போட்டு இதைச் செய்யக் கூடாது. கம்பிகளுக்கு நடுவில் விரல் போனால் திரும்பி வராது. இடைவெளியை அளக்க என்னிடம் இருந்த டிரில் பிட்களையே பயன்படுத்தினேன்: குறுகிய இடத்தில் எந்தப் பிட் நுழைகிறது, அகன்ற இடத்தில் எது நுழைகிறது என்று பார்த்துக் கழித்தால் முடிந்தது. பக்கவாட்டு ஆட்டம் 3.5 மி.மீ., மேல்கீழ் ஆட்டம் 2.5 மி.மீ. ரிம்முக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 2 மி.மீ. டயரின் மேற்பரப்பிலோ மேல்கீழ் ஆட்டம் 4 மி.மீ.க்கு மேல் இருந்தது. முன்சக்கரத்தில் அதே முறையில் அளந்தபோது 0.8 மி.மீ.

இவ்வளவு ஆடும் சக்கரத்தை ஏழு மாதம் பார்க்காமல் எப்படி இருந்தேன் என்று கேட்கலாம். இடப்பக்கம் சேலை கார்டும் செயின் கவரும், வலப்பக்கம் சைலன்சரும் இந்த வண்டியின் பின்சக்கரத்தை ஏறக்குறைய மூடிவிடுகின்றன. அதைவிடப் பெரிய காரணம், நடுக்கத்தை ஹேண்டிலில் உணர்ந்ததால் முன்பக்கத்தை மட்டுமே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் சட்டம் முழுவதும் ஒரே இரும்பு. ஒரு முனையில் ஆட்டினால் மறுமுனையில்தான் கை இருக்கிறது.

பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கழற்றியபோதே ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கும் இடையிலுள்ள ரப்பர்களையும் சக்கர பேரிங்குகளையும் பார்த்துவிட்டேன். இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. சக்கரத்தை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, பாலக்கரைப் பக்கம் கோட்டம் எடுக்கும், அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்தும், பெரியவர் ஒருவரிடம் போனேன். சைக்கிள் ரிம்மில் தொடங்கி நாற்பது வருடமாக இதையே செய்பவர். கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு மரப்பலகை, அதில் செங்குத்தாக அறைந்த இரண்டு இரும்புப் பட்டைகள், ஒரு டப்பா நிறைய, கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்கள், சாக்பீஸ்.

சக்கரத்தைக் கையில் வாங்கியதும் அவர் சுற்றிப் பார்க்கவில்லை. சின்ன ஸ்பேனர் ஒன்றை எடுத்து, போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். ணிங், ணிங், ணிங் என்று வந்த ஒலி ஓரிடத்தில் 'டப்' என்று செத்தது. அங்கே விரலை வைத்து, "பாருங்க தம்பி, இது வெறும் அலங்காரத்துக்கு நிக்குது" என்றார். அப்படி ஏழு கம்பிகள் தொளதொளத்திருந்தன. ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் இரண்டு கம்பிகள், ஹப்பில் தலை வளையும் இடத்தில் முறிந்தே இருந்தன. ஹப் துளையிலேயே சிக்கிக்கொண்டிருந்ததால் கீழே விழவில்லை.

"முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே?"

"முன்வீல்னு நெனச்சிட்டேன் பாய்."

அவர் சிரிக்கவில்லை. டயரையும் டியூபையும் கழற்றி, சக்கரத்தைப் பட்டைகளுக்கு நடுவில் மாட்டி, கண்ணை ரிம்மின் மட்டத்துக்கு இறக்கி, சாக்பீஸை விளிம்புக்கு ஒரு மயிரிழை தள்ளிப் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றினார். ரிம் புடைத்திருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கீற்று விழுந்தது. கீற்று விழுந்த இடத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பியை அரைத் திருகு இறுக்கி, அதே பக்கக் கம்பியை அரைத் திருகு தளர்த்தி, கீற்றை விரலால் துடைத்துவிட்டு மீண்டும் சுற்றினார். ஒரு கம்பி போனால் அதன் இணைக் கம்பி ரிம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், தளர்ந்த கம்பியை மட்டும் இறுக்கினால் கோட்டம் இடம் மாறுமே தவிரப் போகாது என்றார். இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முறிந்தவை இரண்டு, தளர்ந்தவை ஏழு, ஆக ஒன்பது கம்பிகளை மாற்றினார். கம்பி ஒன்று ரூ. 18, கூலி ரூ. 450, மொத்தம் ரூ. 612. வீட்டில் கம்பி முனை வைத்து அளந்தபோது பக்கவாட்டில் 0.7, மேல்கீழாக 0.8 மி.மீ.

டயரைப் பஞ்சர் கடையில் மாட்டி, சக்கரத்தை வண்டியில் பூட்டி ஓட்டினேன். 1.9 ஆக இருந்த முகடு 1.1 ஆகக் குறைந்திருந்தது. பாதி வேலைதான் ஆகியிருக்கிறது என்பது உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்தது. ரிம் நேராகிவிட்டது, அப்புறமும் எது மேடு பள்ளமாகச் சுற்றுகிறது?

டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி, ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். டயர் சரியாக உட்கார்ந்திருந்தால் ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். என் டயரின் வலப்பக்கத்தில் அது 5 மி.மீ.யாக ஓடி, வால்வுக்கு எதிர்ப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ.க்கு ஒடுங்கிவிட்டது. அந்த இடத்தில் டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்திலிருந்து மேலேறவே இல்லை. கொல்லிமலையிலிருந்து திரும்பும்போது போட்ட பஞ்சரிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது கழற்றி மாட்டியபோதும், டயர் தான் பழகிய வாட்டத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் அதே கடைக்குப் போய், காற்றை முழுவதும் இறக்கி, விளிம்பை இருபுறமும் மிதித்து உள்ளே தள்ளி, சோப்பு நுரையைச் சுற்றிலும் தாராளமாகத் தடவி, 45 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றச் சொன்னேன். கடைக்காரத் தம்பி தயங்கினார். 40-ஐத் தாண்டும்போது 'பட்' என்ற சத்தத்தோடு விளிம்பு மேலேறிக் கோடு சீராயிற்று. பிறகு 32-க்கு இறக்கிக்கொண்டோம். இரண்டு தடவைக்கும் சேர்த்து அவருக்குக் கொடுத்தது ரூ. 300.

அடுத்த ஓட்டத்தில் முகடு 0.4. முன்சக்கரத்துக்குச் செய்த அதே ஸ்டூல் வித்தையைப் பின்சக்கரத்துக்கும் செய்து 40 கிராம் ஈயம் சுற்றியதில் 0.3. ஈயக் கம்பிச் சுருள் ரூ. 95. இதற்குக் கீழே இறக்க நான் முயலவில்லை. சாலையின் கரடுமுரடே அந்த அளவுக்கு வந்துவிடுகிறது.

உலுக்கல் போன பிறகு பாதத்தின் கூச்சம் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. இது எஞ்சினின் பங்கு என்பதால், எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றின் நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து, 300 கி.மீ. ஓட்டினேன். கோடு எதுவும் விலகவில்லை. எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்று முடிவு செய்திருப்பேன், ஆனால் பின்புறக் கீழ் போல்ட்டின் வாஷரைச் சுற்றி மட்டும் செம்பழுப்பான பொடி படிந்திருந்தது. இரும்பு இரும்போடு உரசினால் வரும் பொடி அது. கழற்றிப் பார்த்தபோது, எஞ்சினைத் தாங்கும் பட்டையின் துளைக்குள் இருக்கும் பகுதியில் போல்ட்டின் தண்டு 0.3 மி.மீ. தேய்ந்து இடுப்பு ஒடுங்கியிருந்தது. நட்டு இறுக்கமாகவே இருந்தது. ஆனால் துருவின் மேல் இறுகி நின்றதே தவிர, பட்டையைப் பிடிக்கவில்லை.

புதிய போல்ட், நட்டு, வாஷர்கள் ரூ. 180. மாட்டும் முறையில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அந்த ஒரு போல்ட்டை மட்டும் மாற்றி இறுக்கினால் எஞ்சின் ஏற்கெனவே இருக்கும் கோணலிலேயே சிறைப்பட்டுவிடும். எனவே எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, எல்லாப் போல்ட்டுகளையும் இரண்டு திருகு தளர்த்தி, எஞ்சினைக் கையால் அசைத்துத் தானாக உட்கார விட்டு, சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு நண்பரிடம் இரவல் வாங்கிய, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் சுற்று முறையில் இறுக்கினேன். பாதத்தின் கூச்சம் முற்றிலும் போகவில்லை. பேலன்ஸர் இல்லாத ஒற்றை சிலிண்டரில் அது போகவும் போகாது. ஆனால் விராலிமலை போய் வந்த பிறகும் ஷூவுக்குள் விரல்கள் உயிரோடு இருந்தன.

கணக்கைப் பார்த்தால், நடுக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளுக்குப் போனது ரூ. 5,070. நடுக்கத்தைப் போக்கிய வேலைகளுக்கு ஆனது ரூ. 1,187. கோன் செட்டும் செயினும் எப்படியும் ஒரு நாள் மாற்ற வேண்டியவைதான் என்று சொல்லிக்கொள்கிறேன், அதை மனைவி ஒப்புக்கொள்வதில்லை. மறுபடி இப்படி ஒரு நிலை வந்தால், முதல் நாள் கிளட்ச்சைப் பிடித்து ஒரு ஓட்டம், ஒரு கியர் குறைத்து ஒரு ஓட்டம். இரண்டாம் நாள் வண்டியை ஸ்டாண்டில் போட்டு இரண்டு சக்கரங்களின் கம்பிகளையும் தட்டிப் பார்த்து, டயர் கோட்டையும் பார்ப்பேன். பணப்பையை மூன்றாம் நாள்தான் எடுப்பேன். ஒவ்வொரு பஞ்சருக்குப் பிறகும் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் டயர் கோட்டை இருபுறமும் பார்ப்பது ஏற்கெனவே பழக்கமாகிவிட்டது. கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

கோட்டம் எடுத்த பெரியவர் 500 கி.மீ. ஓடியதும் ஒரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். நேற்று மாலை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். புதிய கம்பிகளில் ஒன்று, வால்வுக்குப் பக்கத்தில், மற்றவற்றைவிடக் கொஞ்சம் மந்தமாக ஒலித்தது. கால் திருகு கொடுத்தேன். ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில் லேசான ஆட்டம் இருப்பதையும் அப்போது கவனித்தேன். அதை அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு பார்க்க வேண்டும்.